ஐந்து பவுன் சம்பளமும் ஆற்காட்டு நவாபின் கடனும்

சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1744ஆம் ஆண்டு 'ரைட்டர்', அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கடைநிலை எழுத்தராக, வந்திறங்கிய ராபர்ட் கிளைவுக்கு ஆண்டுச் சம்பளம் 5 பவுன் மட்டுமே. அச்சொற்பத் தொகையைக் கொண்டு எவரும் வாழ இயலாது என்பதை இலண்டன் இயக்குநர்கள் நன்கறிந்திருந்தும், ஆசியத் துறைமுகங்களுக்கிடையே ஊழியர்கள் சொந்த முதலில் வணிகம் செய்துகொள்ள இசைவளித்து, ஊதியப் பொறுப்பைத் தம் தலையிலிருந்து இறக்கி வைத்தனர்.

இந்த ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் ஆற்காட்டு நவாப் ஆண்ட கர்நாடகப் பகுதியின் உழவர்களே. ஆற்காட்டு நவாப் முகம்மது அலிக்குக் கோட்டை ஊழியர்கள் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வட்டிக்குக் கடன் கொடுத்து, ஈடாக மாவட்டங்களின் நிலவரி வருவாயை எழுதி வாங்கியதால், களத்து நெல் அரசின் கருவூலத்துக்குச் செல்லாமல் கடன்காரர்களின் கைக்குப் போயிற்று. சிறு ஊதியம் பெற்ற பால் பென்ஃபீல்டு என்னும் ஊழியர் தஞ்சை விளைச்சலின்மீதே உரிமை கோரினார். அதற்கு இணங்க மறுத்த ஆளுநர் பிகட் பிரபுவை 1776இல் அவரது ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையினரே சிறைப்படுத்த, அவர் மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். ஆளுநரையே சிறையில் அடைக்கும் அளவுக்குத் தனிவணிகம் வளர்ந்திருந்ததென்றால், அதற்குக் காரணம் சிலரது பேராசை மட்டுமன்று, போதிய சம்பளமில்லா அதிகாரமும் ஆகும்.

1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அன்பளிப்பையும், வரி வசூலிப்போரின் வணிகத்தையும் தடுத்ததோடு, தலைமை ஆளுநருக்கு ஆண்டுக்கு 25,000 பவுன் வகுத்தது. எனினும் கீழ்நிலையில் ஊதியம் உயராமல் போனமையால் தடை ஏட்டளவில் நின்றது. இதனை உணர்ந்த காரன்வாலிஸ், 1786இல் தலைமை ஆளுநராகப் பதவியேற்றபின், வங்காளத்துக் கலெக்டர்களுக்கு மாதம் 1,500 ரூபாயும் வசூலில் ஒரு சிறு கழிவும் வழங்கி, தனிவணிகத்தை அறவே விலக்கினார். வாழ்க்கைக்குப் போதுமான நிலைச்சம்பளம் கிடைத்ததால், பதவியை இழப்பது பெருநட்டமாயிற்று. ஆகவே விதியை மீறத் தயங்கும் அதிகாரிகள் மெல்ல உருவாயினர். நவாபுக்கு ஏற்கெனவே பெருகியிருந்த கடனோ எளிதில் தீரவில்லை: 1801இல் கர்நாடகப் பகுதி கும்பினியின் கைக்கு வந்தபின், 1805 முதல் கடன் கொடுத்தோரின் கோரிக்கைகளை ஆராய்ந்த குழுவினர் அவற்றில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தனர்.

ஆனால் நிலைச்சம்பளத்தின் பயன் வெள்ளையரோடு நின்றது. உயர்பதவிகள் இந்தியர்க்கு மூடப்பட்டன. தாசில்தார், அதாவது வட்டத்தின் வரி அலுவலர், முதலியோர் பெற்ற ஊதியம் அவர்தம் பொறுப்புக்குச் சற்றும் ஈடாகவில்லை. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1824ஆம் ஆண்டுக் குறிப்பில், இந்தியர்க்கும் உயர்பதவியும் தக்க ஊதியமும் தரவேண்டுமென வாதிட்டார். தன் ஊழியரின் ஊழலுக்குச் சம்பளக் குறைவே காரணமென ஏற்றுக்கொண்ட கும்பினியாட்சி, அதே குறைவில் உழன்ற இந்திய அலுவலரின் கையூட்டை மட்டும் பிறவிக் குணமாகக் கருதியது பெரும் அநீதி.