மண்டபத்து மேசையும் அரக்குப் பொலிஷும்

நூற்றாண்டு மலருக்குக் கட்டடங்களைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுதப் பலர் முன்வந்தனர். மண்டபத்து மேசையைப் பற்றி எழுத எவரும் கேட்கவில்லை. அதை நாம் எடுத்துக்கொண்டோம். விடுதியில் இருந்த காலத்தில் சனிக்கிழமை காலைகளில் அதைத் துடைத்தவர்கள் நாமே.

மேசை முதிரை மரத்தாலானது. வன்னிக் காட்டு முதிரை. பொன்னிற ரேகை ஓடும் மரம். அதற்குமேல் பூசப்பட்டிருப்பது அரக்கு. எம்மிற் பலர் அதை “வார்னிஷ்” என்றே சொல்லி வந்தோம். அது பிழை. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பசையே அரக்கு. கிழக்கு இந்தியாவின் சோட்டா நாக்பூர்ப் பக்கக் காடுகளில் பலாசு, இலந்தை போன்ற மரங்களிலிருந்து அதைச் சேகரித்து, உருக்கி, மெல்லிய தகடாக்குவார்கள். அத்தகட்டை ஸ்பிரிட்டில் கரைத்தால் “பிரெஞ்சு பொலிஷ்”. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற் பரவிய இம்முறை, ஆங்கிலேயர் காலத்தில் எமது வீடுகளுக்கும் பாடசாலைகளுக்கும் வந்தது. எங்கள் பாட்டிமார் கேட்ட கிராமபோன் இசைத்தட்டும் இதே அரக்கிற் செய்ததுதான்.

ஆனால் அரக்கு இத்தீவுக்குப் புதிதல்ல. மாத்தளைக்கு அண்மையிலுள்ள ஹப்புவித கிராமத்தார் அரக்கைச் சூடாக்கி, நூல்போல் இழுத்து, பெருவிரல் நகத்தால் வெட்டிக் கோலம் பதிப்பார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இவ்வேலைப்பாட்டை விவரித்துள்ளார். மகாபாரதத்து அரக்கு மாளிகையை வகுப்பிற் படித்தபோது, அதே அரக்கின்மேல் முழங்கை ஊன்றி இருக்கிறோம் என்று எவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை.

துடைக்கும் முறை கண்டிப்பானது. முதலில் காய்ந்த பழைய வேட்டித் துணி. சோளகக் காற்றுக் காலத்தில் புழுதி மணலாகப் படியும். அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். ஆகவே மேலாகத் தட்டி எடுக்கவேண்டும். அழுக்கு இருந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. வருடத்தில் ஒரு தடவை, தவணை விடுமுறைக்கு முன்னர், தேன்மெழுகு மிக மெல்லியதாக. சூடான தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தவருக்கு ஏச்சு நிச்சயம். சூடும் ஈரமும் சேர்ந்தால் அரக்கில் வெள்ளை வளையம் விழும். அப்போது அது வெறும் கண்டிப்பென்றே நினைத்தோம்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நடந்தது. மேசையை யார் நினைத்தார்? அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் மண்டபக் கூரை உடைந்திருக்கக் கண்டனர். ஒரு மாரி முழுவதும் மழை மேசையில் இறங்கியிருந்தது. மேற்பரப்பு பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. ஒரு காலின் அடியைக் கறையான் தின்றிருந்தது. விறகுக்குப் போகாமல் அது தப்பியதே ஆச்சரியம்.

அதைத் திருத்த வந்த முதிய தச்சர் சுரண்டவில்லை. பஞ்சைத் துணியிற் பொதிந்து, ஸ்பிரிட் சிறிதும் அரக்கு சிறிதும் தொட்டு, எட்டுப் போடுவதுபோல் சுழற்றிக்கொண்டே போனார். பஞ்சு ஒட்டாதிருக்க ஓரிரு துளி ஆளிவிதை எண்ணெய். ஓரிடத்திலும் கை நிற்கக்கூடாது. நின்றால் பழைய அரக்கு இளகி எழும்பிவிடும். புதிய பூச்சு பழையதைக் கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடுவதே இதன் சிறப்பு. வெண்மை நாளுக்கு நாள் விலகி, முதிரையின் ரேகை திரும்பி வந்தது. பார்த்து நின்ற ஆசிரியைமார் அழுதார்கள் என்று கேள்வி.

பின்னர் புலம்பெயர்ந்த எம்மிற் சிலர், பொலியூரித்தேன் பூசினால் தண்ணீருக்கும் அஞ்ச வேண்டியதில்லை, பணம் நாங்கள் அனுப்புகிறோம் என்றனர். அன்பினால் வந்த யோசனைதான். ஆனால் பழைய அரக்கை முழுவதும் சுரண்டி எடுத்தபின்னரே அதைப் பூசலாம். பழுதுபட்டால் மீண்டும் முழுவதையும் சுரண்ட வேண்டும். முதிரைப் பலகை அப்படி எத்தனை சுரண்டலைத் தாங்கும்? இரண்டு கூட்டங்களில் வாதாடி, அரக்கே இருக்கட்டும் என்று தீர்மானித்தோம்.

அப்படித் தீர்மானித்த நாமே அதைக் கெடுத்தோம் என்பதையும் எழுதவேண்டும். கொரோனாக் காலத்துக் கூட்டமொன்றில் கைகழுவும் திரவப் போத்தலை மேசையில் வைத்தோம். அதில் இருப்பது அற்ககோல். அரக்குக்கு அது கரைப்பான். கூட்டம் முடிய, ஐந்து இடங்களில் பிசுபிசுத்த வட்டங்கள். ஈரத்துணியால் துடைத்து இன்னும் மோசமாக்கினோம். தொடாமல் காயவிட்டிருக்கவேண்டும்.

முதிய தச்சர் அப்போது இல்லை. அவரிடம் பழகிய பேரன் வந்து மூன்று நாளில் சரிசெய்தார். பஞ்சுப் பொதியை மூடியுள்ள தகரப்பேணியில் இட்டு, காயாதிருக்க ஸ்பிரிட் சில துளி விட்டு, மேசையின் இடப்பக்க லாச்சிக்குள் வைத்துச் சென்றார். கல்லூரிக்கு வருபவர்கள் கேட்டுப் பார்க்கலாம். திறந்தால் மூடிவிடுங்கள்.