லயத்துச் சுவரும் செங்கற் கணக்கும்: மடுல்சீமையை முன்வைத்து ஒரு நோக்கு

பெருந்தோட்ட வரலாற்றை ஏற்றுமதிப் புள்ளிவிபரங்களிலிருந்து எழுதுவதே வழக்கமாகிவிட்டது. ஒரு சுவருக்கு எத்தனை செங்கல் வேண்டும் என்ற மேசன் கணக்கிலிருந்தும் அதனை எழுதலாம்.

இலங்கையின் காப்பிச் செய்கையை அழித்த இலைநோய் 1869இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது மடுல்சீமையிலேயே. காப்பிக் காலத்திலும் லயங்கள் இருந்தன. ஆயினும் அன்றைய தொழிலாளரிற் பெரும்பாலோர் அறுவடைக்கு வந்து ஊர் திரும்புவோர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். குடும்பம் குடும்பமாக மக்களை மலையிலே நிறுத்திவைக்க வேண்டிய தேவை இவ்வாறு எழுந்தது. அத்தேவையைக் குறைந்த செலவில் நிறைவேற்றிய வடிவமே முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம்.

கணக்கைப் பார்ப்போம். 10 அடி முகப்பும் 12 அடி ஆழமும் கொண்ட 20 காம்பிராக்களைத் தனித்தனியே கட்டுவதாயின், ஒவ்வொன்றுக்கும் 44 அடியாக மொத்தம் 880 அடி நீளச் சுவர் தேவை. பக்கத்திற்குப் பத்தாக ஒட்டிக் கட்டினால் இரு முகப்புகளுக்கும் நடுச்சுவருக்கும் 300 அடி, பதினொரு குறுக்குச் சுவர்களுக்கு 264 அடி, ஆக 564 அடி போதும். சாந்து சேர்த்து 9 அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் 3 அங்குல உயரமும் உள்ள கல்லால், 9 அங்குலக் கனத்தில் 100 சதுர அடிச் சுவர் எழுப்ப ஏறக்குறைய 1,067 கல் செல்லும். எட்டடி உயரத்திற்கு முன்னதற்கு 75,000 கல்லும் பின்னதற்கு 48,000 கல்லும் வேண்டும். (வாசல் திறப்புகளையும் மூலைகளையும் இங்கு விட்டுவிடுகிறேன், கருங்கல்லாற் கட்டினாலும் சுவரின் விகிதம் மாறாது.) மிச்சம் 27,000 கல்.

இந்த மிச்சத்தின் விலையைக் கொடுத்தது யார்? நடுச்சுவர் பொதுவானதால் பின்வாசல் இல்லை, பின்யன்னல் இல்லை, காற்று ஊடறுத்துச் செல்ல வழியில்லை. பல லயங்களில் இடைச்சுவர்கள் கூரையைத் தொடாமலே நின்றுவிட்டன. முகட்டு முக்கோணம் ஆறடி உயரமெனக் கொண்டால், ஒன்பது இடைச்சுவர்களிலும் மேலும் 6,900 கல் மிச்சம். அந்த இடைவெளியால் ஒரு வீட்டின் அடுப்புப் புகையும் இருமலும் குடும்பப் பேச்சும் அடுத்த வீட்டிற்குச் சென்றன.

இது மலையகத்துக்கு மட்டும் உரியதன்று. மான்செஸ்டர் தொழிலாளர் குடியிருப்புகளில் வெளிச்சுவர்கூட அரைக்கல் கனத்தில் எழுப்பப்பட்டதை எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலில் நுணுக்கமாகப் பதிவுசெய்தார். இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டுச் சட்டம் முதுகொட்டு வீடுகளைப் புதிதாகக் கட்டுவதைத் தடைசெய்தது. தாய்நாட்டிலே சட்டம் விலக்கிய வடிவத்தின் உள்ளேதான் துரைமாரின் தோட்டத் தொழிலாளர் அதன் பின்னரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர்.

1972, 1975 ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறியபோதெல்லாம் லயமும் தோட்டச் சொத்துப் பட்டியலில் ஒன்றாகவே கைமாறிற்று. சுவருக்குள் வாழ்ந்தவருக்கு அச்சுவரில் உரிமை ஏற்படவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தமையையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

அண்மைக்கால இந்திய உதவி வீடமைப்புத் திட்டத்தில் ஒரு குடும்பத்திற்கு 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு என்பது அளவு. 22 அடிக்கு 25 அடியென வைத்தால் அதன் வெளிச்சுவர் மட்டுமே 94 அடி. மேற்கண்ட லயத்தில் ஒரு குடும்பத்தின் பங்கு 28 அடி.