தீவுப் பறவைகளும் மனிதர் கொணர்ந்த விலங்குகளும்

மன்னர்தம் வெற்றி தோல்விகளை மட்டும் உரைப்பது வரலாறு ஆகாது. ஆட்சியாளர் கப்பலேறி நீங்கிய பின்னரும் அவர் விட்டுச் சென்ற உயிர்கள் நிலைத்து வாழ்தல் உண்டு. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658இல் அவரை வென்ற ஒல்லாந்தரும் மறைந்தனர். அவர்காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்களோ நெடுந்தீவில் இன்றும் கட்டாக்காலிகளாய்த் திரிகின்றன. குதிரை புல்லுண்பது. ஊனுண்ணும் விலங்கொன்று தீவிற் குடியேறின் யாது நிகழும் என்பதற்கு அத்திலாந்திக்குச் சமுத்திரத்து அசென்சன் தீவின் வரலாறு சான்றாகும்.

அத்தீவிலே கடற்பறவைகள் அச்சமின்றி நிலத்தில் முட்டையிட்டு வந்தன. கப்பல்கள் எலிகளைக் கொணர்ந்தன. நெப்போலியன் சென் ஹெலினாவிற் சிறைவைக்கப்பட்ட 1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அசென்சனிற் காவற்படை நிறுத்தினர். எலிகளை ஒழிக்கப் பூனைகளும் விடப்பட்டன. 1836இல் ஆங்குச் சென்ற தார்வின், பூனைகள் பெருகிப் பெருந்தொல்லையாகிவிட்டமையைக் குறித்துள்ளார். எலியைத் துரத்துதலினும் கூட்டிலிருக்கும் குஞ்சைக் கவர்தல் பூனைக்கு எளிது. பெரும்பாலான பறவையினங்கள் தலைத்தீவை விட்டு, பூனை எட்டாத அயற்பாறைத் தீவொன்றில் ஒடுங்கின. உலகில் வேறெங்கும் இனம்பெருக்காத அசென்சன் பிரிகேற்றுப் பறவையும் அவற்றுள் ஒன்று.

2002இல் கட்டாக்காலிப் பூனைகளை ஒழிக்கும் பணி தொடங்கிற்று; வீட்டுப் பூனைகள் மலடாக்கப்பட்டன. 2006இல் தீவு கட்டாக்காலிப் பூனையற்றதென அறிவிக்கப்பட்டது. 2012இல் பிரிகேற்றுப் பறவை தலைத்தீவில் மீண்டும் கூடுகட்டியது. எலிகளோ இன்னும் ஒழியவில்லை. அவற்றை ஒழிக்க வந்த பூனையே முதலில் ஒழிந்தது.

கொல்லாமையைப் போற்றும் நம்மவர்க்குப் பூனைகளைக் கொல்லுதல் இன்னாததாகத் தோன்றும். அவ்வுணர்ச்சி இகழத்தக்கதன்று. ஆயின் பூனை தானாகக் கடல் கடக்கவில்லை. கொண்டு சென்றவன் மனிதன். பறவையின் அழிவு, பூனையின் அழிவு ஆகிய இரண்டிற்கும் பொறுப்பு அவனுடையதே. கொலையை விரும்பாதோர்க்கு வருமுன் காத்தல் ஒன்றே வழியாம்.

இவ்வுண்மை நமக்கும் அண்மையது. தலைமன்னாருக்கும் தனுக்கோடிக்கும் இடையிலுள்ள இராமர் அணை மணற்றிட்டுகளில் ஆலாப் பறவைகள் வெறுமணலிலே முட்டையிடுகின்றன. இலங்கைப் பகுதியிலுள்ள திட்டுகள் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. சட்டம் எல்லையை வகுக்கும். படகின் அடித்தட்டில் ஒளிந்துவரும் எலியையும், துணைக்கெனக் கொண்டுவரப்படும் நாயையும் தடுக்க வேண்டியவர் கரையிறங்குவோரே. அத்திட்டுகளுக்கு இயற்கை அமைத்த மதில் கடல். அம்மதிலைப் படகு கொண்டு கடக்கும் மனிதனுக்கு அவ்விழிப்பை ஊட்டுதல் கடற்கரையூர்ப் பள்ளிகளின் கடனாகும்.