தாது வருஷத்தை யாரிடம் கேட்பது?



தாது வருஷப் பஞ்சத்தை (1876-78) நேரில் கண்டவர் எவரும் இன்று இல்லை. கண்டவர்களின் பிள்ளைகள் சொல்லக் கேட்டு வளர்ந்த பாட்டிகள் மட்டும் நம் சேரிகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பது பற்றித்தான் பேச வந்திருக்கிறோம்.

ஆவணத்துக்குக் குறைவில்லை. 1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆணின் நாள்கூலியை ஒரு ராத்தல் தானியத்தின் விலை, மேலே ஓரணா என்று குறைத்தார். இது உயிரைத் தாங்காது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். ராணுவ அதிகாரி ஹூப்பர், எலும்பும் தோலுமானவர்களை உட்காரவைத்துப் படம் எடுத்தார். எடை இருக்கிறது, விலா எலும்பு இருக்கிறது. பெயர் இல்லை.

முதலில் செத்தது யார்? பண்ணையாளுக்குக் கூலி தானியமாக வந்தது. மழை பொய்த்ததும் வேலை நின்றது, வேலையோடு தானியமும் நின்றது. நெல் மிராசுதாரின் களஞ்சியத்தில் இருந்தது. 1880இன் பஞ்சக் கமிஷனே கூலியாட்களின் வேலையிழப்பைத்தான் பஞ்சத்தின் மையமாகக் கண்டது. சாதியை அது அவ்வாறு காணவில்லை.

மானத்துக்கு அஞ்சிக் கஞ்சித்தொட்டிக்கு வராத "கௌரவமான ஏழைகள்" பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் பரிவோடு எழுதினார்கள். வரிசையில் நின்ற நம் பாட்டனுக்கும் மானம் இருந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றியது?

இங்கேதான் நம் வேலை சிக்கலாகிறது. புளியங்கொட்டையை வறுத்து இடித்ததையும், எறும்புப் புற்றைத் தோண்டித் தானியம் எடுத்ததையும் பாட்டிகள் தயங்காமல் சொல்வார்கள். மாடுகள் செத்து விழுந்த கதைக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். செத்த மாட்டைத் தின்பதில்லை என்று பின்னாளில் ஊர்கூடி முடிவெடுத்த தலைமுறை, அந்த நினைவையும் சேர்த்தே புதைத்தது. அதை மறதி என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். சுயமரியாதைக்காகக் காத்த மௌனம் அது. அதைச் சொல்லவைப்பதா, விட்டுவிடுவதா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. சொல்பவர் கை காட்டினால் ஒலிப்பதிவை நிறுத்துவது என்பதில் மட்டும் ஒத்துப்போகிறோம்.

வெட்கமில்லாமல் கேட்கக்கூடியவை வேறு உண்டு. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, 1877-78இல் பஞ்சக் கூலிகள் தோண்டியது. உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு குளமோ கரையோ ரோடோ அப்படி இருக்கலாம். அதை வெட்டப் போனவர்கள் எந்தத் தெரு? திரும்பி வந்தவர் யார்? கண்டிக்கும் மொரீசியசுக்கும் கப்பலேறியவர் யார்? பெயர் தெரிந்தால் பெயரை எழுதுங்கள். முறைப்பெயர் மட்டும் தெரிந்தால், "அப்பாயியின் தங்கை" என்றாவது எழுதிவையுங்கள்.