மலையகத்தின் கணக்குப் பரிசோதகர்கள்

ஒரு நிறுவனம் தான் மேற்கொண்ட பணியைத் திரும்பிப் பார்த்து, இட்ட முதல் எவ்வளவு, நடந்த வேலை எவ்வளவு, விளைந்த பயன் எவ்வளவு என்று ஆராய்வதே கணக்குப் பரிசோதனை. இதனைக் கொழும்புக் கந்தோர்களில் நடைபெறும் வறண்ட காரியம் என்றே நம்மிற் பலர் கருதுகின்றனர். மலையகத்தின் வரலாற்றைச் சிறிது புரட்டினால், அந்த வறண்ட காரியமே பல தலைமுறைகளின் சோற்றையும் கூரையையும் தீர்மானித்து வந்திருக்கின்றது என்பது புலனாகும். தேயிலைத் தோட்டத்தைப் பரிசோதித்தவர் யார்? யாருக்காகப் பரிசோதித்தார்? கண்டதை யாருக்குச் சொன்னார்? இந்த மூன்று வினாக்களோடு அவ்வரலாற்றை அணுகுவோம்.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கவே, மலைச் சரிவுகள் ஒவ்வொன்றாகத் தேயிலைக்கு மாறின. திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா, நுவரெலியா எங்கணும் பச்சை படர்ந்தது. தோட்டங்களும் தனித் துரைமாரின் கையிலிருந்து மெல்ல மெல்லக் கம்பனிகளின் கைக்குப் போயின. இலண்டனில் இருந்த பங்காளி தன் தோட்டத்தைக் கண்ணாற் கண்டதில்லை. பங்கு இலாபத்தை மட்டுமே கண்டான். கண்ணாற் காணாத சொத்தை எவ்வாறு காப்பது?

இதற்கு விடையாக வந்தவரே விசிட்டிங் ஏஜண்ட். அனுபவம் முதிர்ந்த தோட்டத்துரை ஒருவர், கொழும்பு ஏஜென்சிக் கம்பனியின் சார்பில் தோட்டந்தோறும் சென்று பார்வையிடுவார். ஏக்கருக்கு என்ன விளைச்சல், இறாத்தல் தேயிலைக்கு என்ன செலவு, கவ்வாத்து முறையாக நடந்ததா, உரமிட்டார்களா, தொழிற்சாலை இயந்திரங்கள் எந்நிலையில் உள்ளன என்று மலைமலையாக நடந்து எழுதுவார். அவ்வறிக்கை கொழும்பு வழியாக இலண்டன் சேரும். இம்முறையை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. வேலை நடக்கும் இடத்திற்கே போய்ப் பார்ப்பதும், திட்டமிட்டதையும் நடந்ததையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிடுவதும் நல்ல பரிசோதனைக்கு உரிய இலக்கணங்களே. தொழிலாளியும் அவ்வறிக்கையில் இடம்பெற்றான். ஆள்பலம் போதுமா, போதாதா என்ற தலைப்பின் கீழ், உரத்துக்கும் இயந்திரத்துக்கும் அருகே.

தோட்டத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது. அதன் பெயர் செக்றோல். விடியற்காலையில் பெரட்டுக்களத்திலே ஆள் எண்ணப்படுவதோடு அந்தக் கணக்குத் தொடங்கும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒரு பங்கு கழியும். குறித்த அளவு பறித்தவளுக்கு ஒரு ‘பேர்’ விழும், குறைந்தவளுக்கு அரைப்பேர். மலையகத்திலே ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு நாட்கூலி என்று பொருள் வந்துவிட்டது. ஆனால் தன் பேர் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை அந்தப் பெண் அறிய வழியில்லை. ஏடு கணக்கப்பிள்ளையின் கையில். தராசு மற்றவர் கையில். எழுத்தறிவோ அவளுக்கு எட்டாத தூரத்தில்.

இவ்விரு கணக்குகளும் ஓரிடத்தில் சந்தித்தன. அதுவே கடன். தென்னிந்தியக் கரையிலிருந்து ஆள் திரட்டிவரக் கங்காணிக்கு முற்பணம் கொடுக்கப்பட்டது. வழிச்செலவும் அரிசியும் துணியும் சேர்ந்து அப்பணம் தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறிற்று. கம்பனியின் ஐந்தொகையிலோ அதே தொகை ‘கரை முற்பணம்’ என்ற பெயரில் சொத்தாக நின்றது. ஓர் ஏழைக் குடும்பம் தலைமுறையாய்ச் சுமந்த பாரத்தைச் சொத்துப் பக்கத்தில் எழுதிய கணக்கு, கணக்கு முறைப்படி பிழையற்றதுதான்! தோட்டம் மாற விரும்பினால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இத்தனை ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய துரை அத்தொகையைக் கட்டுவார். கடன் தொழிலாளியோடு அடுத்த மலைக்கு நடக்கும். பல முறை பார்வையிட்டும் பரிசோதித்தும் வந்த அமைப்பு இதனை ஒரு குற்றமாகக் கண்டதில்லை. 1921ஆம் ஆண்டுச் சட்டமே துண்டு முறையை ஒழித்தது.

தொழிலாளியின் பக்கம் நின்று பார்க்கும் பரிசோதனை வெளியிலிருந்தே வந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தையடுத்து, 1923இல் இந்திய அரசாங்கத்தின் ஏஜண்ட் ஒருவர் இலங்கையில் நியமிக்கப்பட்டார். அவரது அலுவலகம் கண்டியில் இருந்தது. அவரும் பிரித்தானிய ஆட்சியின் அதிகாரியே, புரட்சிக்காரர் அல்லர். ஆயினும் கூலி, வாழ்க்கைச் செலவு, கடன் ஆகியவற்றை அவரது ஆண்டறிக்கைகள் பேசின, அவை அச்சேறின. அச்சேறிய உண்மையை அலமாரியில் பூட்டிவைப்பது கடினம். கூலி பற்றிய விசாரணைகளும் இந்தியாவின் வற்புறுத்தலும் சேர்ந்து 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைக் கொணர்ந்தன. 1929 முதல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என நாட்கூலி நிர்ணயமாயிற்று. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் குறைக்கப்பட்டது. பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையே கிடந்த பள்ளமோ 1984இல்தான் தூர்க்கப்பட்டது. கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதை நினைவிற்கொண்டால், அந்த 11 சதத்தில் எத்தனை கோடி இலாபம் முளைத்திருக்கும் என்பதை வாசகர் உய்த்துணரலாம்.

அக்காலத்திலேதான் மலையகத்துக்குத் தன் சொந்தப் பரிசோதகர் ஒருவரும் கிடைத்தார். தஞ்சையில் வணிகக் கல்வி கற்பித்தவரும் ‘வர்த்தகமித்திரன்’ என்னும் ஏட்டை நடத்தியவருமான கோ. நடேசய்யர், கணக்குப் பரிசோதனை பற்றித் தமிழில் நூலும் எழுதியவர். தோட்டங்களுக்குள் அந்நியர் நுழையத் தடையிருந்த நாளில் அவர் புடவை வியாபாரியாக லயங்களுக்குச் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார். கண்டதைத் ‘தேசநேச’னிலும் ‘தேசபக்த’னிலும் எழுதினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டங்களிற் பாடிய பாட்டுகள், எழுத்தறியாதார் செவிக்கும் அந்த அறிக்கையைக் கொண்டுபோயின. இலண்டனுக்குப் போன அறிக்கை ஒருவகை. லயத்து வாசலுக்குத் திரும்பிவந்த அறிக்கை மற்றொருவகை. நடேசய்யர் நமக்குக் காட்டிய வழி இரண்டாவது.

உடைமை மாறினால் கணக்கும் மாறிவிடும் என்று நம்பிய காலமும் வந்தது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. நிலங்களுக்கு மதிப்புப் போடப்பட்டது. கம்பனிகளுக்கு நட்டஈடு வழங்கப்பட்டது. அதே காலப்பகுதியில், 1973–74இல், தோட்டங்களைப் பசி வாட்டியது, மரணங்கள் பெருகின. எந்த ஐந்தொகையில் அப்பசிக்கு நிரல் இருந்தது? பின்னர் 1992இல் தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. எசமானர் மாறினர். செக்றோல் அங்கேயே, அதே கைகளுக்குள்ளேயே இருந்தது. முற்போக்காளராகிய நாமும் இதில் ஒரு பாடம் கற்க வேண்டும். உடைமையை மாற்றுவது அவசியம். ஆயினும் ஏட்டைத் திறந்து காட்டாத உடைமை மாற்றம் அரைப்பேர்தான்.

ஏட்டைத் திறந்தால் என்ன நிகழும் என்பதற்கு அயல்நாட்டில் ஒரு சான்றுண்டு. 1994 டிசம்பரில் இராசத்தானத்தின் கோட் கிரானா என்னும் சிற்றூரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் ஒரு மக்கள் மன்றத்தைக் கூட்டிற்று. அரசாங்க வேலைத்திட்டங்களின் ஆள்வரவு ஏடுகளும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்க வாசிக்கப்பட்டன. செய்யாத வேலைக்கும் வராத ஆளுக்கும் எழுதப்பட்ட கூலி அம்பலமாயிற்று. அவ்வியக்கம் வளர்ந்து 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலும் கிராம சபை நடத்தும் சமூகத் தணிக்கை இடம்பெற்றது. பட்டயக் கணக்காளர் காணாததை, பக்கத்து வீட்டான் கண்டுபிடித்தான். ஏனெனில் அந்தச் சாலையில் யார் கல் சுமந்தார் என்பது அவனுக்குத் தெரியும்.

இலங்கையிலும் 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கின்றது. பரிசோதிக்க வேண்டிய காரியங்களுக்கும் பஞ்சமில்லை. 2017 மே மாதத்தில் நோர்வூட்டில், முன்னைய 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 இந்திய வீடுகள் அறிவிக்கப்பட்டன. அதன் முதற் பகுதிக்கு அடிக்கல் இடப்பட்டது 2024 பெப்ரவரியில். 2021இல் நாட்கூலி 1,000 ரூபா ஆனபோது, பறிக்க வேண்டிய கிலோவின் அளவை நிருவாகங்கள் ஏற்றிவிட்டன என்று தொழிலாளர் முறையிட்டனர். ஏழாண்டுத் தாமதத்தின் காரணத்தை லயத்தில் இருப்பவருக்கு யார் விளக்கினார்? ஏறிய கூலியையும் ஏறிய கிலோவையும் பக்கத்திற் பக்கம் வைத்து யார் வாசித்துக் காட்டினார்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆயினும் கறிக்கு வர வேண்டிய காய் ஏட்டிலேயே களவு போகுமாயின், ஏட்டைப் படிக்கத்தான் வேண்டும். தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் மேல்வகுப்பில் வணிகமும் கணக்கீடும் பயிலும் மாணவர்களும் இன்று மலையகத்தில் இருக்கின்றனர். சம்பளச் சீட்டை வரிக்கு வரி வாசித்துக் காட்டவும், வீட்டுத் திட்டம் பற்றித் தகவல் கோரி விண்ணப்பம் எழுதவும் அவர்களால் இயலும். மாதம் ஒரு முறை, சம்பள நாளின் மாலையில், லயத்து முற்றத்தில் அவர்கள் அமரட்டும். கொழுந்து பறித்தவளின் பேரை, அவள் காது கேட்க வாசிக்கட்டும்.