கோப்பி மூட்டை போன வழி

கட்டுநாயக்காவில் விமானம் இறங்கும் வசதியான பயணிக்கென்று இலங்கையில் ஒரு வழி இருக்கிறது. சீகிரியா, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, எல்ல, யால, காலி. எந்தக் கம்பனி விற்றாலும் ஹோட்டல்களின் பெயர் மாறும். ஊர்களின் வரிசை பெரிதாக மாறாது. பழைய நகரம், தேயிலை மலை, காட்டு விலங்கு, கடற்கரை, நான்கும் ஒரே கட்டணத்தில். சாரதி வழிகாட்டியாக என் வேலைக்காலம் முழுவதும் இந்த வழியில்தான் கழிந்தது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில் பிறந்தவன் நான். அதனாலோ என்னவோ, எந்த ஊரைக் காட்டினாலும் அதற்குக் கீழே கோப்பிக் கணக்கும் தேயிலைக் கணக்கும் கிடப்பது என் கண்ணில் படாமல் போவதில்லை. இந்த ஊர்களை ஒரே வழியில் கட்டியது கோப்பிதான் என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1815இல் கண்டி இராச்சியம் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அதுவரை மலைநாட்டுக்குள் வண்டி போகும் சாலை கிடையாது. காடும் கணவாயும்தான் கண்டிக்குக் கோட்டை. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் முதலில் அதை உடைத்தார். கொழும்பிலிருந்து கண்டிக்குச் சாலை போட்டார்கள். அந்த வேலையை நடத்திய பொறியாளர் டோசனின் நினைவுக்கு எழுப்பிய கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கிறது. படைக்காகப் போட்ட சாலையில் சீக்கிரமே மூட்டை ஏறிய மாட்டு வண்டிகள் போயின. 1824இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்குப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் போட்டார். பார்ன்சும் தன் பங்குக்குத் தோட்டம் போட்டார். 1840இல் வந்த சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடியின் நிலமாக்கியது. ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் காடு விற்பனையானது. வாங்கியவர்களில் அதிகாரிகளும் இராணுவத்தாரும் இருந்தார்கள்.

நிலம் இருந்தது, வெட்ட ஆள் வேண்டும். தனக்கென்று வயல் வைத்திருந்த கண்டிச் சிங்கள விவசாயி கூலிக்கு வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் மாவட்டங்களில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் ஆட்களைக் கிளப்பி விட்டன. ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். தோணியில் மன்னார்க் கரை, அங்கிருந்து காட்டு வழியே தெற்கே மாத்தளை வரை நடை. எங்கள் பூட்டன் துறையூர்ப் பக்கமிருந்து அப்படித்தான் வந்தாராம். கூட நடந்தவர்களில் யாரை எங்கே விட்டுவிட்டு வந்தார் என்பதை மட்டும் கடைசிவரை அவர் வாயிலிருந்து வாங்க முடியவில்லை என்று தாத்தா சொல்வார். வாந்திபேதி, காய்ச்சல், தண்ணீர்ப் பஞ்சம், யானை, சிறுத்தை. 1840களில் இந்தச் சாவுகள் கொழும்புப் பத்திரிகையிலேயே சண்டையாக வந்தன. விழுந்தவர்களுக்கு வழியில் கல்லறை கிடையாது.

அந்த வடக்கு வழி தம்புள்ளையைத் தொட்டுத்தான் மாத்தளைக்கு இறங்கும். இன்றைக்குச் சீகிரியா பார்த்துவிட்டுக் கண்டிக்குப் போகும் வேனும் தம்புள்ளையிலிருந்து அதே தடத்தில்தான் இறங்குகிறது. பயணி பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருப்பார். மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்தைக் கண்டதும் எழுப்பிப் படம் எடுக்கச் சொல்வோம். காட்டைத் தாண்டி உயிரோடு வந்தவர்கள் மலைக்குப் பிரிந்து போகுமுன் நின்று கும்பிட்ட இடம் அது. மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும். மசாலாத் தோட்டத்துக்கும் நகைக்கடைக்கும் நேரம் ஒதுக்கும் பயணத்திட்டங்களில் இந்தக் கதைக்கு ஒரு வரி கூட இருப்பதில்லை.

இனி, ‘மரபு’ என்று விற்கப்படும் பகுதிக்கு வருவோம். சீகிரியாக் குன்றின் மேல் காசியப்ப மன்னன் ஐந்தாம் நூற்றாண்டில் மாளிகை கட்டினான். பிறகு அது பிக்குகளின் இடமாகி, கடைசியில் காடு மூடியது. மேஜர் ஃபோர்ப்ஸ் குதிரையில் போய்ப் பார்த்து எழுதியது 1831இல். தொல்லியலாளர் எச். சி. பி. பெல் முறையாகத் தோண்டியது 1890களில். அதாவது மலையில் தோட்டங்கள் பெருகிய அதே காலத்தில்தான் கீழே பழைய நகரங்கள் வெளியே வந்தன. நிர்வாகம், சாலை, நில அளவை எல்லாம் ஒரே கையில் இருந்தன.

இன்னொரு பழைய நகரமான பொலன்னறுவையில் பயணிகள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “உங்கள் ஆட்கள் தேயிலைக்காக வந்தவர்கள்தானே?” அவர்களைச் சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈச்சரத்துக்குக் கூட்டிப் போவேன். கருங்கல்லில், விமானத்தோடு, பதினொன்றாம் நூற்றாண்டுக் கோயில்; சுவரில் தமிழ் எழுத்து. அங்கிருந்து சற்று நடந்தால் வேளைக்காரப் படை புத்தரின் தந்த தாதுவைக் காப்பதாகத் தமிழில் வெட்டிய கல். ஒன்றையும் கூடவே சொல்வேன்: சோழனுக்கும் எங்களுக்கும் நேர்வாரிசுக் கணக்கு எதுவும் இல்லை. அவன் படையோடு வந்தான், நாங்கள் கூடையோடு வந்தோம். இந்தத் தீவில் தமிழ் வந்த கதை ஒன்றல்ல, பல என்று அவர்கள் தெரிந்துகொண்டால் போதும்.

கண்டியிலிருந்து மலைக்கு ஏறும் கோச்சிப் பயணம்தான் இப்போது உலகம் முழுவதும் படமாகச் சுற்றுகிறது. அந்தத் தண்டவாளம் கோப்பிக்குப் பிறந்தது. மாட்டு வண்டியில் மூட்டை கொழும்பு போய்ச் சேர வாரக் கணக்காகும், செலவும் கூட. தோட்டக்காரர்கள் நெருக்கினார்கள், கோப்பி ஏற்றுமதித் தீர்வையிலிருந்தும் பணம் திரட்டினார்கள். 1867இல் ரயில் கண்டியைத் தொட்டது. 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1894இல் பண்டாரவளை, 1924இல் பதுளை. பாதை ஏன் இப்படி வளைந்து வளைந்து ஏறுகிறது என்று கேட்பார்கள். சரிவு ஒரு காரணம். தோட்டங்கள் மறு காரணம். பட்டிப்பொலையில் 6,000 அடியைத் தாண்டும் இந்தப் பாதையில் சுற்றுலாவுக்காகப் போட்ட முழம் ஒன்று கிடையாது. தெமோதரையில் எல்லோரும் கூடும் ஒன்பது வளைவுப் பாலம் கூட, தேயிலைப் பெட்டி இறங்க 1921இல் கட்டியதுதான்.

ஆனால் தண்டவாளம் மலை உச்சியை அடையும் முன்பே கோப்பி செத்துவிட்டது. 1869இல் இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சை நோய் கண்டது. பதினைந்து, இருபது வருடத்துக்குள் தோட்டம் தோட்டமாகப் பட்டது. நல்ல வேளையாக, ஹேவாஹெட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். முதல் தொழிற்சாலை அவர் பங்களாத் திண்ணைதான். மேசையில் கொழுந்தைப் போட்டுக் கையால் உருட்டினார்கள். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. 1890இல் வந்த தோமஸ் லிப்டன், தம்பதென்னை உட்படத் தோட்டங்களை வாங்கி, தன் பெயரிலேயே பொட்டலம் போட்டு விற்றார். டெய்லர் 1892இல் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். அவரது பெட்டியைக் கண்டி மகாயாவை இடுகாடு வரை தோட்டத்து ஆட்களே சுமந்தார்கள்.

எங்கள் வாழ்க்கையை மாற்றியது கோப்பி போய்த் தேயிலை வந்ததுதான். கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. முடிந்ததும் சனம் ஊருக்குத் திரும்பி நடக்கும். தேயிலைக்குப் பருவம் இல்லை. வருடம் முழுவதும் வாரா வாரம் கொழுந்து வரும். பெண்கள் கை வேண்டும். குடும்பத்தோடு இருத்த வேண்டியதாயிற்று. நீளக் கட்டடத்தில் வரிசையாகக் காம்பரா, முன்னால் சின்னத் திண்ணை, அதிலேயே அடுப்பு: லயம். விடியுமுன் தப்பு அடித்தால் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பேர் போட்டால் கூலி. நேரம் பிந்தினால் அரைப் பேர். கடன் தீர்ந்தது என்று தோட்டத்துத் துரை ‘துண்டு’ கொடுத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். அந்தத் துண்டு முறை 1921 வரை இருந்தது.

மலையின் மறுபக்கம் பங்களா. நுவரெலியாவில் பார்ன்ஸ் கட்டிய வீடு இருந்த இடத்தில்தான் இன்று கிராண்ட் ஹோட்டல். 1876இல் துரைமாருக்கு ஹில் கிளப், 1889இல் கோல்ஃப் மைதானம். எங்கள் அப்பா ஒரு தோட்டத்துப் பெரியதுரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தார். ரோஸ்டும் புடிங்கும் செய்து வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவார். சிறுவனாக நான் அந்தப் பங்களாவின் குசினிக் கதவுக்கு மேல் போனதில்லை. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992க்குப் பின் மீண்டும் தனியார் நிர்வாகத்துக்குப் போன பிறகு, பங்களாக்கள் ஒவ்வொன்றாகச் சுற்றுலா விடுதிகளாயின. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ளவற்றில் ஒரு இரவுக்குப் பல நூறு டாலர் கேட்கிறார்கள். பயணியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்தபோது எனக்குப் பெருமையும் வந்தது, கோபமும் வந்தது. சுவரில் துரைமார் படங்கள், குதிரைப் பந்தயக் கோப்பைகள், பழைய நில வரைபடம் எல்லாம் இருந்தன. கொழுந்து பறித்த ஒருவர் பெயரும் இல்லை. மலையில் தினக் கூலி 1,000 ரூபா ஆனது 2021இல்தான். ஏலத்துக்குப் போகும் நல்ல ரகத்தை விருந்தாளி மணம் பிடித்துக் குடிக்கிறார். லயத்தில் அன்றும் இன்றும் தூளில் போட்ட சாயத்தண்ணிதான்.

1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். என் அத்தை குடும்பம் நீலகிரிக்குப் போய் அங்கேயும் தேயிலையிலேயே கிடந்தது. எஞ்சியவர்களின் கணக்கைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல்.

காட்டு விலங்குக் கதையும் தோட்டக் கதையிலிருந்து பிரிந்ததல்ல. தோட்டத்துக்கு யானை தொல்லை. கொன்றால் அரசாங்கம் பரிசு கொடுத்தது. பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400 யானைகளைச் சுட்டதாகப் பேர் வாங்கினார். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். நுவரெலியாவில் பண்ணை போட்ட சாமுவேல் பேக்கர் வேட்டையையே புத்தகமாக எழுதினார். ஹோர்ட்டன் சமவெளியில் இன்று ஒரு யானை இல்லை. சுட விலங்கு தீர்ந்து வந்தபோதுதான், 1894இல், வேட்டைக்காரர்களும் தோட்டக்காரர்களும் சேர்ந்து விலங்கு காக்கும் சங்கம் அமைத்தார்கள். யால 1900இல் காப்பிடம் ஆனது. பக்கத்திலேயே உள்ளூர் வேட்டைக்காரர்களுக்கென்று தனிப் பகுதியும் ஒதுக்கினார்கள். 1938இல் அது தேசியப் பூங்கா. காப்பிடமாக இருந்த காலத்தில் அதன் முதல் காவலர் எங்கல்பிரெக்ட், தியத்தலாவ முகாமில் அடைக்கப்பட்ட போயர் போர்க் கைதி. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசம் சொல்ல மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல், அம்பாந்தோட்டையிலேயே அடக்கமானார். யாலவில் சிறுத்தைக்காக ஜீப்புகள் முண்டும்போது நான் இந்தக் கதையைச் சொல்லித்தான் பயணிகளைப் பொறுமையாக்குவேன்.

கடைசியில் காலி. கொழும்பில் அலைத்தடுப்பு 1885இல் முடியும்வரை பெரிய நீராவிக் கப்பல்கள் காலிக்குத்தான் வந்தன. தேயிலை கொழும்புக்குப் போனது, துறைமுகம் தூங்கியது. தூங்கியதால்தான் ஒல்லாந்தர் கோட்டை இடிபடாமல் மிஞ்சி, 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே 1911இல் வடிகாலை மூடிக் கிடந்த ஒரு பலகைக் கல்லைக் கண்டெடுத்தார்கள். சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டிட்டு நிறுத்திய கல். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தேவுந்தரத் தென்னாவர நாயனார் என்ற தெய்வத்துக்கான காணிக்கையைச் சொல்கிறது. கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். கடற்கரை ஹோட்டலுக்கு விரையும் பயணத்திட்டத்தில் அதற்கு இடம் இல்லை.

சொகுசுப் பயணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளைகள் படித்தது அந்த வருமானத்தில்தான். கதையை முழுதாகச் சொல்லி விற்கட்டும் என்கிறேன். 2023இல், மலையகத் தமிழர் வந்து 200 வருடம் என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் சனம் மறுபடி நடந்தார்கள். அந்த வழியில் ஒரு பெயர்ப் பலகை வைக்க ஹோட்டல்காரர்களால் முடியாதா? கண்டியிலிருந்து நுவரெலியா போகிறவர்கள் கம்பளையைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் கோப்பித் தோட்டம் போட்ட அந்தக் கம்பளைக்குப் பக்கத்திலேயே, பழைய லயமொன்றில், தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. உங்கள் பயணத்திட்டத்தில் அது இல்லாவிட்டால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள், கேட்டால் செய்வார்கள்.