கரை கடந்த இசைத்தட்டு: இலங்கை வானொலி முதல் இலண்டன் 'அனோக்கா' இரவுகள் வரை

ஆய்வுச் சுருக்கம்

நடன இசையின் வரலாறு பெரும்பாலும் இசையமைப்பாளர்களின் வரலாறாகவோ கருவிகளின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. இசைத்தட்டைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, இரவில் ஒரு கூட்டத்தார் கேட்குமாறு ஒலிக்கச் செய்பவர் அவ்வரலாற்றில் துணைப்பாத்திரமாகி விடுகிறார். 1995இல் இலண்டனில் தொடங்கிய 'அனோக்கா' என்னும் நடனக்கூட இரவை மையமாகக் கொண்டும், கோடியக்கரை உள்ளிட்ட சோழநாட்டுக் கடற்கரையின் வானொலிக் கேட்பை அதற்கு முன் வைத்தும், 'அண்டர்கிரவுண்ட்' என்பது இசைக்குள் இருக்கும் பண்பு எனக் கொள்வதினும் அது ஒலிக்கும் கரையைப் பொறுத்த நிலை எனக் கொள்வதே பொருந்தும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: இசைத்தட்டு, டி.ஜே., இலங்கை வானொலி, கோடியக்கரை, அனோக்கா, டெக்னோ, திரையிசை

சொல்லும் சிக்கலும்

காவிரிப் படுகை ஊர்களின் திருமண ஊர்வலங்களில் இன்று 'டி.ஜே.' என்பது ஒலிபெருக்கி அடுக்கிய வண்டியையும் அதை இயக்குபவரையும் ஒருசேரக் குறிக்கிறது. அச்சொல்லின் மூலமான 'டிஸ்க் ஜாக்கி' நடனக்கூடத்தில் பிறந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்க வானொலி நிலையங்களில் இசைத்தட்டுகளை ஒலிபரப்பிய அறிவிப்பாளருக்கு வழங்கிய பெயர் அது. நடனக்கூடம் அதை வானொலியிடமிருந்து பெற்றது. இவ்வரிசைமுறையை நினைவில் கொண்டால், தமிழ்ச் சூழலில் டி.ஜே.க்களின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்னும் வினாவிற்கு வேறொரு விடை கிடைக்கிறது.

'அண்டர்கிரவுண்ட்' என்ற சொல்லுக்குத் தமிழில் நேர் இணை இல்லை. 'நிலவறை' இடத்தை மட்டும் சுட்டும். 'தலைமறைவு' அரசியல் இயக்கங்களுக்கு உரியது. ஓர் ஊரில் தேநீர்க் கடைதோறும் கேட்கும் பாட்டு இன்னோர் ஊரில் சிலர் மட்டுமே தேடிச் சென்று கேட்கும் பாட்டாக இருக்கக்கூடும் என்பதை இவ்விரு சொற்களும் உணர்த்துவதில்லை. இக்கட்டுரையின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கோடியக்கரையிலிருந்து கேட்டது

கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரைக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் கடல்தான் உள்ளது. 1950இல் கல்கி தம் 'பொன்னியின் செல்வன்' தொடரை எழுதத் தொடங்கி, இலங்கைக்குக் கடல் கடக்கும் துறையாகக் கோடியக்கரையைத் தமிழ் வாசகர் மனத்தில் நிறுவினார். அதே 1950இல்தான் இலங்கை வானொலி தன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட வலிமை மிக்க ஒலிபரப்பிகள் அதற்குக் கைகொடுத்தன. தொடரின் படகு தெற்கு நோக்கிச் சென்றது. பாட்டு வடக்கு நோக்கி வந்தது.

இந்தியாவில் அப்போது நிகழ்ந்தது நோக்கத்தக்கது. 1952இல் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் இசைச்சுவையைக் கெடுப்பதாகக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றிற்கான நேரம் குறைக்கப்பட்டது. பட உலகத்தாருடன் உரிமப் பிணக்கும் சேர்ந்துகொள்ள, திரைப்பாடல் அரசு வானொலியிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. 1957 அக்டோபரில் விவித்பாரதி தொடங்கப்பெறும் வரை இந்நிலை நீடித்தது. சென்னையில் பதிவான பாட்டைச் சென்னை வானொலியில் கேட்க இயலாமல் கொழும்பிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. கேட்பது குற்றமாக்கப்படவில்லை; ஆயினும் அரசு தன் வாயிலில் நிறுத்திய இசை கடல்வழியாக வீட்டுக்குள் வந்தது.

கொழும்பின் அறிவிப்பாளர்களே தமிழ்ச் செவிக்கு அறிமுகமான முதல் பெரும் டி.ஜே.க்கள் எனலாம். எஸ். பி. மயில்வாகனம், பின்னர் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, இராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்கள் பாடகர்களின் குரல்களுக்கு நிகராக அறியப்பட்டன. 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு' போன்ற நிகழ்ச்சிகளின் ஈர்ப்பு தனித்தனிப் பாடல்களில் மட்டும் இருந்ததில்லை. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, இரண்டிற்கும் நடுவே என்ன சொல் என்னும் கோவையில் இருந்தது. அக்கோவை ஒரு படைப்பு. அதைத் தமிழிசை வரலாறுகள் படைப்பாகக் கருதியதில்லை. கே. எஸ். ராஜா 1994இல் கொல்லப்பட்டார் என்பதையும் இங்கே குறித்தாக வேண்டும். கடலுக்கு இருபுறமும் பொதுவாயிருந்த ஒரு குரலுக்குக் கூடப் போர்க்காலம் பாதுகாப்பு அளிக்கவில்லை.

பொறி இருந்தும் இரவு இல்லை

டெக்னோவின் தோற்றக் கதையிலும் ஓர் இரவு வானொலி உண்டு. 1970களின் பிற்பகுதி தொட்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 'எலெக்ட்ரிஃபையிங் மோஜோ' என்னும் பெயரில் ஒலிபரப்பிய அறிவிப்பாளர், ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் மின்னணு இசையையும் கறுப்பின மக்களின் ஃபங்க் இசையையும் ஒரே இரவில் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்தார். அவற்றைக் கேட்டு வளர்ந்த ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோரே டெக்னோவை உருவாக்கினர். 1988இல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்புத்தட்டு அப்பெயரை நிலைபெறச் செய்தது.

இதனுடன் பம்பாயில் நிகழ்ந்ததை ஒப்பிடலாம். திரையிசைக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982இல் பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303, டி.ஆர்.-808 ஆகிய பொறிகளை அதில் பயன்படுத்தினார். அதே டி.பி.-303 பொறியைக் கொண்டு சிகாகோவின் ஃபியூச்சர் குழு 'ஆசிட் ட்ராக்ஸ்' வெளியிட்டது 1987இல். ஐந்தாண்டு முந்திய பம்பாய்த் தட்டு விலைபோகாமல் மறக்கப்பட்டு, 2010இல் மறுவெளியீடு கண்டபோதுதான் உலகம் வியந்தது. 'ஆசிட் ஹவுஸ் இசையை இந்தியரே கண்டுபிடித்தனர்' என்னும் பெருமிதப் பேச்சு அதன்பின் எழுந்தது. அது ஏற்கத்தக்கதன்று. அத்தட்டை வேறு தட்டுகளுடன் கோத்து இரவுதோறும் ஒலிக்கச் செய்ய ஒருவரும், அதற்காக வந்து கூடும் ஒரு கூட்டமும் பம்பாயில் அமையவில்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் மூக் மின்னணு இசைக்கருவியுடன் தொடங்கிய ஒலிப்பதிவுக்கூடத்தின் நாடாக்களும் இவ்வாறே பல பத்தாண்டுகள் பேழைக்குள் உறங்கின. பொறியும் திறனும் இருந்தன, இரவு இல்லை.

ஹாக்ஸ்டன் சதுக்கத்தின் திங்கட்கிழமைகள்

அந்த இரவு, தெற்காசியரைப் பொறுத்தவரை, 1995இல் இலண்டனில் அமைந்தது. தப்லா கலைஞர் தல்வின் சிங்கும் ஸ்வீட்டி கபூரும் கிழக்கு இலண்டனின் ஹாக்ஸ்டன் சதுக்கத்திலிருந்த 'புளூ நோட்' நடனக்கூடத்தில் திங்கட்கிழமைதோறும் 'அனோக்கா' என்னும் நிகழ்வைத் தொடங்கினர். தனித்தன்மை வாய்ந்தது என்பது அவ்விந்திச் சொல்லின் பொருள். ஹாக்ஸ்டன் அப்போது வாடகை மலிந்த, பழைய பட்டறைகள் நிறைந்த பகுதி. திங்கட்கிழமை நடனக்கூடங்களுக்கு வருவாய் குன்றிய நாள். மலிந்த இடமும் யாரும் விரும்பாத நாளும் சேர்ந்தே இவ்வகை நிகழ்வுகளுக்கு வாய்ப்பளித்தன என்பது பொருளியல் நோக்கிலும் எண்ணத்தக்கது.

அங்கு ஒலித்ததைக் கண்டிப்பான பொருளில் டெக்னோ என்று வகைப்படுத்த இயலாது. விரைவான உடைதாளமும் கனத்த அடித்தொனியும் கொண்ட 'டிரம் அண்ட் பேஸ்' மேலோங்கியிருந்தது. தப்லாவும் சிதாரும் திரையிசைத் துணுக்குகளும் அதனுடன் பின்னப்பட்டன. 'ஸ்டேட் ஆஃப் பெங்கால்' என்னும் பெயரில் இயங்கிய சாம் ஸமான் அவ்விரவுகளின் முதன்மை டி.ஜே.க்களுள் ஒருவர்.

இதன் சூழலைப் புரிந்துகொள்ளாமல் இசையை மட்டும் மதிப்பிடுவது பிழையாகும். அருகிலுள்ள பிரிக் லேன் பகுதியில் 1978இல் அல்தாப் அலி என்னும் வங்காளத் தொழிலாளி இனவெறியால் கொல்லப்பட்டார். 1993இல் கிழக்கு இலண்டனின் மில்வால் வட்டத்தில் வெள்ளையினவாதக் கட்சியான பிரிட்டிஷ் தேசியக் கட்சி ஓர் உறுப்பினர் இடத்தை வென்றது. 1994இன் குற்றவியல் நீதிச் சட்டம், திறந்தவெளி இரவு நடனக் கூடல்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் வழங்கியது. 'திரும்பத் திரும்ப வரும் தாளம்' கொண்ட ஒலி என்று இசையின் அமைப்பையே சட்டத்தின் சொற்களுக்குள் கொணர்ந்தது. வேறு இரவுக்கூடங்களில் வாயிலிலேயே ஐயத்துடன் நோக்கப்பட்ட தலைமுறைக்கு, ஒரு திங்கட்கிழமை இரவைத் தனதென்று கொள்வது பொழுதுபோக்கினும் மேலானதாயிருந்தது. 1980களில் பிரிட்டனின் ஆசிய இளைஞர்கள், குறிப்பாக இரவில் வெளியே செல்ல வீட்டில் இசைவு பெறாத பெண்கள், பள்ளிக்கும் கல்லூரிக்கும் செல்வதாகக் கூறிப் பிற்பகல் பாங்ரா நடனங்களுக்குச் சென்ற 'டேடைமர்' வழக்கமும் இதற்கு முன்னோடியாகும். பகலைத் திருடியவர்களின் தம்பி தங்கையர் இரவைக் கேட்டுப் பெற்றனர்.

பெயர் மாறிய பம்பாய்

1997இல் ஐலண்ட் நிறுவனத்தின் வாயிலாக வெளியான 'அனோக்கா: சவுண்ட்ஸ் ஆஃப் தி ஏஷியன் அண்டர்கிரவுண்ட்' தொகுப்பில் ஒரு தமிழ்ப் படத்தின் இசை இடம்பெற்றது. மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) படத்துக்கு ஏ. ஆர். ரகுமான் அமைத்த கருப்பொருள் இசை அது. தொகுப்பில் அதன் பெயர் 'மும்பை தீம் டியூன்'. 1995இல் நகரின் பெயர் மாறியதற்கேற்பத் தட்டில் பெயர் மாறியதா, வேறு காரணம் உண்டா என்பது ஒருபுறமிருக்க, இசை பிறந்த கோடம்பாக்கம் அத்தலைப்பில் முற்றிலும் மறைந்துவிட்டது.

இங்கேதான் 'அண்டர்கிரவுண்ட்' என்னும் சொல் சோதனைக்கு உள்ளாகிறது. அப்படத்தின் ஒலிநாடாக்கள் தமிழகமெங்கும் விற்றன. பேருந்திலும் தேநீர்க் கடையிலும் கேட்ட இசையை 'அண்டர்கிரவுண்ட்' என எந்தத் தமிழரும் அழைத்திரார். மேலும், புல்லாங்குழலும் நரம்பிசையும் தாங்கிச் செல்லும் அது ஆடுவதற்கான தாளம் கொண்டதுமன்று. தல்வின் சிங்கின் தொகுப்பு வரிசையில் நின்றமையே அதற்கு அப்பெயரைத் தந்தது. கேஸ்கர் காலத்தில் பொதுமக்களின் பாட்டு கொழும்பைச் சுற்றிக்கொண்டு வந்தபோதும் இதுவே நிகழ்ந்தது: பாட்டு மாறவில்லை, அதை ஒலிக்கச் செய்பவர் நின்ற கரை மாறியது.

ஈழத்தமிழ்ப் பின்னணியுடைய எம்.ஐ.ஏ. (மாயா அருள்பிரகாசம்) இதை இன்னும் தெளிவாக்குகிறார். யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுமைப் பருவத்தைக் கழித்து, 1986இல் ஏதிலியாக இலண்டன் திரும்பியவர் அவர். அவருடைய 'கலாங்' 2003இல் ஐந்நூறு தட்டுகளே அச்சாகி டி.ஜே.க்கள் வழியாகப் பரவியது. 2007இல் வெளியான 'கலா' தொகுப்பின் முதற்பாட்டில் இளையராஜாவின் 'தளபதி' (1991) படப் பாடல் ஒன்றின் துணுக்கு ஒலிக்கிறது. அதே தொகுப்பின் வேறு பாடல்களில் உறுமி அதிர்கிறது. தமிழ்நாட்டில் சாவு வீட்டிலும் சாமியாட்டத்திலும் கேட்கும் தோற்கருவி அது. சபா மேடைகளில் அதற்கு இடம் அரிது. இலண்டன் நடனக்கூடத்தில் அது புதுமையாகக் கொண்டாடப்பட்டதை மகிழ்ச்சியோடு மட்டும் நோக்க இயலாது. வாசித்தவர்களின் பெயர்களை எத்தனை பேர் அறிவர் என்னும் வினா உடன் எழுகிறது.

தல்வின் சிங்கின் 'ஓகே' தொகுப்பு 1999இல் மெர்க்குரி பரிசு பெற்றது. அத்துடன் 'ஆசிய அண்டர்கிரவுண்ட்' நிலத்தின் மேலே வந்துவிட்டது. ஹாக்ஸ்டனின் வாடகையும் ஏறியது.

குழாயில் எழுதிய பெயர்

வேதாரண்யம், கோடியக்கரை ஊர்களின் திருவிழாக்களிலும் மணவீடுகளிலும் இசைத்தட்டு வைத்தவர் 'மைக் செட்காரர்' எனப்பட்டார். பனையிலும் தென்னையிலும் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, பிள்ளையார் பாட்டில் தொடங்கி, பக்திப் பாடல், பழைய திரைப்பாடல், புதுப்பாடல், நடுவே திரைப்பட வசனத்தட்டு எனப் பொழுதறிந்து வரிசைப்படுத்தியவர் அவர். விடியற்காலைக்கு எது, பெண் அழைப்புக்கு எது, பந்தி முடிந்தபின் எது என்னும் அறிவு எந்த நூலிலும் எழுதப்படாதது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியை விலக்கின. பண்டிகைக்காக ஆண்டுக்குப் பதினைந்து நாள் வரை, அதுவும் நள்ளிரவுக்குள், மாநில அரசு தளர்வு வழங்கலாம். முழு இரவுக் கோவை இவ்வாறு அரை இரவாகச் சுருங்கியது.

புளூ நோட்டின் திங்கட்கிழமைகளுக்கு ஒரு தொகுப்புத்தட்டு சான்றாக எஞ்சியுள்ளது. மைக் செட்காரரின் கோவைக்கு அவ்வாறு ஏதுமில்லை. இசையமைப்பாளரின் பெயர் தட்டின் நடுவட்டத்தில் அச்சாகியிருக்கும். தட்டைத் தேர்ந்தவரின் பெயரோ 'சவுண்ட் சர்வீஸ்' என்னும் சொற்களுடன் குழாயின் வெளிப்புறத்தில் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். அக்குழாய்கள் இன்று பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு விற்கப்படுகின்றன.